போட்ட ஆளைக் காட்டு

பழைய துணியை நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். கண்ணை நம்ப மாட்டேன். இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டால் எந்தத் துணியும் யோக்கியமாகத்தான் தெரியும். அக்குள் பக்கம் மூக்கை வைத்தால் சங்கதி வெளியே வந்துவிடும். அந்துருண்டை வாசம் வந்தால் பீரோவில் கிடந்த துணி, பயமில்லை. சோப்பு வாசம் அளவுக்கு மேல் வந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசம் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த வாசத்தோடு அம்மாவுக்குத் துணையாக வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் நான். அது எனக்குத் தப்பாது.

இந்த மூக்கு எனக்கு வந்ததே அம்மா செத்த பிறகுதான்.

நானும் அம்மாவும் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தோம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள் நான். அவள் போன பிறகு கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். அவள் உட்கார்ந்த பலகையில் வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பெண் என்மேல் பாவப்பட்டு டீ கூட வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு பாய் வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, காதில் மாட்டிவிடுவது, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பாய் நல்ல மனுஷர். அதனால் விஷயத்தை நேராகச் சொல்லாமல் சுற்றி வந்தார்.

"கஸ்டமர் மூஞ்சிகிட்ட போயி நிக்கிற வேல மா இது. கொஞ்சம் வேற துணியா போட்டுகினு வா."

புரிந்தது. என்னிடம் இருந்த நாலு சுடிதாரிலும் இறால் இருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்து ஊறவைத்துப் பார்த்தேன், மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுப் பார்த்தேன். எனக்கு அந்த வாசமே தெரியாது, அதுதான் கஷ்டம். எதிரில் நிற்கிறவர்கள் முகத்தைப் பின்னால் இழுப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா துணியைப் போடலாம் என்றால் அவள் சேலை தவிர வேறு கட்டியதில்லை. அதையும் பெரியம்மா பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

புதுசு எடுக்கலாமே என்றால் முடியாது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் காரியத்தன்று போடுகிற துணியோடு சரி. வருஷம் திரும்பும்வரை புதுத் துணி உடம்பில் படக்கூடாது. பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் துணி தொங்கும், கடைப் பையன்கள் வா வா என்று கூப்பிடுவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் பெரியம்மா. அம்மாவின் அக்கா. பெரியப்பா செத்ததும் எங்களோடு வந்து தங்கியவள். ஹவுசிங் போர்டு வீட்டுக்குள்ளேயே கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்கிறாள். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதனால் என்னைக் கேள்வி கேட்க மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். காரியம் முடிந்த அன்றைக்கே என்னை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"வருசம் திரும்புற வரிக்கும் அவ இங்கதான் சுத்திகினு கீறா. நீ புதுசு போட்டுகினு நின்னின்னு வை, சரி நம்மள மறந்துட்டாங்கன்னு பூடுவா."

அவள் என்னைப் பயமுறுத்தத்தான் சொன்னாள். எனக்குப் பயம் வரவில்லை. அப்படியானால் இன்னும் கொஞ்ச நாள் இங்கேதான் இருக்கிறாளா என்று இருந்தது. அந்த வருஷத்தை நான் கட்டிக் காத்தது பெரியம்மாவுக்காக இல்லை. அம்மா போகக்கூடாது, அவ்வளவுதான்.

புதுசு கூடாது, இருக்கிற பழசு நாறுகிறது. கீழ் வீட்டு அக்காதான் ராயபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் கடையைச் சொன்னாள். அண்ணா நகர், அடையாறு பக்கம் வசதியானவர்கள் வேண்டாம் என்று மூட்டை கட்டிக் கொடுக்கும் துணியைக் குறைந்த விலைக்கு விற்கிறார்களாம். அந்தக் காசு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறதாம். எனக்கு அங்கேயே சந்தேகம் வந்தது. சும்மா வந்ததை ஏன் விற்க வேண்டும்? நல்ல துணியை எவன் வேண்டாம் என்பான்?

பழைய குடோன் மாதிரி ஒரு ஹால். நாலைந்து டியூப் லைட், கம்பியில் தொங்கும் துணி, கீழே அட்டைப் பெட்டிகள். வாசலில் மேசை போட்டு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி கயிற்றில் தொங்கியது. ஃபிரேம் அவள் முகத்துக்குப் பெரிசு, மூக்கில் நிற்காது என்று அப்போதே பார்த்துவிட்டேன். ஒரு நீல டாப்பைத் தூக்கிக் காட்டி அவளிடம் கேட்டேன்.

"நல்லாத்தானே கீது. இன்னாத்துக்குக் குடுத்தாங்க?"

"உடம்பு பெருத்திருக்கும். கலர் புடிக்காம போயிருக்கும்."

"செத்திருப்பாங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள்.

"உயிரோட இருக்கறவங்க துணியும் இருக்கும்மா. பாத்து எடு."

அப்போது கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. பார்த்து எடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வாரம் ஆனது.

உயிரோடு இருப்பவர்கள் துணியைக் கன்னாபின்னாவென்றுதான் கொடுப்பார்கள். ஒன்று சின்னது, ஒன்று பெரிசு, ஒரு பிள்ளையின் ஸ்கூல் சட்டை, அதோடு ஒரு திரைச்சீலை. செத்தவர்களின் துணி மொத்தமாக வரும். எல்லாம் ஒரே அளவு. நல்லது, கெட்டது, வீட்டில் கட்டுவது, விசேஷத்துக்குக் கட்டுவது எல்லாம் ஒன்றாக. ஜாக்கெட்டில் ஊக்கு அப்படியே இருக்கும். மடிப்பு ரொம்ப அழகாக இருக்கும், யாரோ உட்கார்ந்து நேரமெடுத்து மடித்திருப்பார்கள். அப்படி ஒரு பெட்டி கண்ணில் பட்டால் நான் மூடி வைத்துவிடுவேன். அதில் தங்கமே இருந்தாலும் தொட மாட்டேன். மற்றவர்கள் அதில் கையை விட்டுக் கிளறும்போது பார்க்க முடியாமல் அடுத்த கம்பிக்குப் போய்விடுவேன்.

மூட்டைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கும். திங்கள் பிரிப்பார்கள். செவ்வாய் காலையில் போனால்தான் நல்லது கிடைக்கும். சனிக்கிழமை போகிறவர்கள் அடுத்தவர் விட்டுப்போனதைத்தான் பார்ப்பார்கள். நான் பாயிடம் சொல்லி செவ்வாய் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். துணியில் எழுதியிருக்கும் அளவை நம்பக்கூடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. தோள்பட்டைதான் கணக்கு. தோள் உட்கார்ந்துவிட்டால் இடுப்பை டெய்லர் பிடித்துக் கொடுப்பான், தோள் உட்காராததை எவனாலும் ஒன்றும் செய்ய முடியாது. துணியைத் திருப்பிப் போட்டுப் பக்கத் தையலில் பிரித்துவிட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தால் நைந்த இடத்தில் வெளிச்சம் ஊசி ஊசியாக வரும். ஜிப்பை மூன்று தடவையாவது ஏற்றி இறக்க வேண்டும்.

மேசைக்கு அடியில் அந்த அக்கா ஒரு பை வைத்திருந்தாள். அதில் என்ன என்று கேட்டேன். கிழிந்தது என்றாள். கிழிந்ததை எதற்கு மடித்து வைக்க வேண்டும்? அடுத்த வாரம் நான் பார்த்து வைத்திருந்த ஒரு துப்பட்டா அவள் தோளிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் விலை குறைத்துப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய துணி சேர்ந்துவிட்டது. கண்ணாடி மாட்டிக்கொள்ள வந்த ஒரு டீச்சரம்மா, இந்த டாப் எந்தக் கடை என்று கேட்டார். ராயபுரம் என்றேன். துணி சரியாகும்வரை உள் மேசையில் வைத்திருந்த பாய் என்னை முன்பக்கத்துக்கு மாற்றினார். சந்தோஷமாக இருந்தது. உடனே என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மா செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நீ துணி நன்றாக இருக்கிறது என்று கண்ணாடி கண்ணாடியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயா என்று. கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நான்தான்.

என்னைவிடப் பெரிய சந்தேகம் பெரியம்மாவுக்கு. பழசு என்று சொல்லி எடுத்து வருவது ஒவ்வொன்றும் புதுசு மாதிரி இருந்தால் யாருக்குத்தான் வராது? மாவுக் கையைத் துடைத்துவிட்டு வந்து காலரைத் திருப்பிப் பார்ப்பாள். கஞ்சி மொடமொடப்பு இருக்கிறதா என்று கசக்குவாள். பில் எங்கே என்பாள். அந்தக் கடையில் பில் கொடுப்பதில்லை என்றால், பில் இல்லாத கடை எந்த ஊரில் இருக்கிறது என்பாள்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். வெளியே பளிச்சென்று இருந்து, உள்ளே ஒரு சின்னக் குறை இருக்கிற துணியாகப் பார்த்து எடுத்தேன். உள்பக்கம் ஒரு குழம்புக் கறை, வேறு நூலில் போட்ட ஒரு தையல், மாற்றித் தைத்த ஒரு பட்டன். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பதற்கு முன்பே திருப்பிக் காட்டிவிடுவேன். இதோ பார், யாரோ சாப்பிடும்போது சிந்தியிருக்கிறார்கள். பெரியம்மா கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சரி என்று போய்விடுவாள். மற்றவர்கள் கறை இல்லாத துணி தேடுவார்கள். நான் கறையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த மஞ்சள் டாப் வந்தது. மாங்காய் பழுக்கும்போது வருகிற மஞ்சள். கழுத்தில் வெள்ளை நூலில் சின்னப் பூ வேலை. சட்டையின் மேல் வைத்துப் பார்த்தேன். தோள் உட்கார்ந்தது, இடுப்பு உட்கார்ந்தது, கை சரியாக மணிக்கட்டுக்கு மேலே நின்றது. பிறந்ததிலிருந்து டெய்லர் கை படாமல் எனக்குச் சரியாக இருந்த முதல் துணி அது. முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. கடைக் கஞ்சி வாசம் மட்டும். கழுத்துக்குப் பின்னால் விலை அட்டை பிளாஸ்டிக் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ யாருக்கோ பரிசாகக் கொடுத்து, அவர்கள் போடாமலே கொடுத்துவிட்டார்கள். இல்லை, போடுவதற்குள் வேறு ஏதாவது நடந்திருக்கலாம். அக்காவிடம் காட்டினேன். அட்டையைப் பிய்த்துவிட்டுப் போட்டுக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்றாள். இதை எப்படி மேசைக்கு அடியில் போகாமல் விட்டாள் என்று அவள் தோளைப் பார்த்தேன். அவளுக்குக் கை நுழையாது.

நான் எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பழைய துணிக் கடையில் எடுத்தது பழைய துணிதானே. அட்டையைப் பஸ் ஸ்டாப்பில் பிய்த்துப் போட்டேன். கடைக்குப் போகும் முன் வீட்டுக்கு வந்து, மறுநாள் போடுவதற்காக ஆணியில் மாட்டினேன். அன்றைக்கு மட்டும் பெரியம்மாவிடம் நானாகக் காட்டவில்லை.

சாயந்தரம் கடை முடிந்து வந்தபோது அவள் டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் தையலில் பிளாஸ்டிக் நூலின் முனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் பிடித்திருந்தாள்.

"இது இன்னாது?"

டிரஸ்ட் கடையில்தான் எடுத்தேன், வேண்டுமானால் வந்து அந்த அக்காவைக் கேள் என்றேன். அங்கே வருவதெல்லாம் பழசுதான் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எந்தக் கடன்னு நான் கேக்கல. இத போட்ட ஆளக் காட்டு."

டாப்பை வாங்கக் கை நீட்டினேன், அவள் விடவில்லை.

"ஒரு ஒடம்பு போட்டாதான்டி பழசு. இத எந்த ஒடம்பு போட்ருக்கு? சொல்லு."

போடவில்லை, நானும் இன்னும் போடவில்லை என்றேன். மேலே வைத்துப் பார்த்ததோடு சரி. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மேலே வைத்துப் பார்த்ததே கணக்கில் வந்துவிடுமோ? டியூப் லைட் அடியில் நான் இளித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அம்மா போயிருப்பாளோ? இதை நான் வாயைத் திறந்து பெரியம்மாவிடமே கேட்டேன். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. செத்த அன்றைக்கும் நான் அப்படி அழவில்லை. அன்றைக்குச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

அவள் டாப்பை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நாளைக்குக் கொளுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

காலையில் கிரைண்டர் சத்தத்தில் எழுந்தேன். பெரியம்மா நைட்டிக்கு மேலே அந்த மஞ்சள் டாப்பைப் போட்டுக்கொண்டு உளுந்து தள்ளிக்கொண்டிருந்தாள். தோள் திணறியது. வயிற்றில் இறங்காமல் மேலேயே சுருட்டிக்கொண்டு நின்றது. பூ வேலைமேல் மாவு தெறித்திருந்தது.

நான் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். உனக்கு மட்டும் ஆகுமா என்று கேட்டேன். உனக்கும்தானே துக்கம்?

"நான் கட்டிக்குடுத்த எடம் வேற. ஒங்கம்மாவுக்கு எனக்கு மூணு நாள் தீட்டுதான். அதோட எனக்கு முடிஞ்சி பூட்ச்சி."

இது எனக்குத் தெரியாது. எங்கள் வழக்கத்தில் கல்யாணமாகிப் போன அக்காவுக்குத் தங்கச்சி சாவு மூன்று நாளோடு சரி. நான் கல்யாணமாகாத பெண், எனக்குத்தான் வருஷம். அப்படியானால் இந்தத் தீபாவளிக்கு மாவு வாங்குகிற வீட்டுக்காரர்கள் வைத்துக் கொடுத்த சேலையை எதற்குத் திருப்பிக் கொடுத்தாள்? எதற்கு இத்தனை மாதமாகக் கிழிந்த நைட்டியோடு நிற்கிறாள்? கேட்கவில்லை. கேட்டால் கிரைண்டர் கல்லைத் தூக்கிப் போடுவாள்.

வீட்டுக்குள் போட்டால் கணக்கில் வராது, நாலு பேர் பார்க்க வேண்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று பார்த்தேன். குழாயடியில் ஒரு கூட்டம். சிரிப்பு மேலே வரைக்கும் கேட்டது. கீழ் வீட்டு அக்காதான் ஆரம்பித்தாள்.

"இன்னா பெரிமா, காலேஜ் சேந்துகினியா?"

"ஆமாண்டி. நீ ஃபீஸ் கட்டுறியா?"

"இந்தக் கலருல நம்ம ஏரியாவுக்கே லைட்டு வோணாம் போ."

"அப்ப கரண்டு பில்லு எனக்குக் குடு."

இன்னொருத்தி, கை கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளப் போகிறது, கத்தரிக்கோல் கொண்டு வரவா என்றாள். பெரியம்மா பதில் சொல்லிக்கொண்டே குடத்தை நிரப்பினாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கும்போது தோளில் தையல் விட்டது. இங்கே வரைக்கும் சத்தம் கேட்டது என்று எனக்குத் தோன்றியது. அவள் நிற்கவில்லை. அப்படியே தெரு முனைக் கடை வரைக்கும் நடந்து, வெற்றிலை வாங்கி, மென்றுகொண்டே திரும்பி வந்தாள்.

மேலே வந்ததும் கழற்றிக் கொடுத்தாள். கழற்ற நான்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஈரமாக, சூடாக இருந்தது.

"இந்தா. போட்ட ஆளு நானு. இன்னிமே எவ கேட்டாலும் என் பேரச் சொல்லு."

எனக்கு இன்னமும் முழு நம்பிக்கை இல்லை. மூன்று நாள் தீட்டு என்று அவள் சொன்னதே அந்த நேரத்துக்குக் கட்டிய கதையோ என்று ஒரு சந்தேகம். கீழ் வீட்டு அக்காவிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் என்றாள். அவளும் பெரியம்மாவிடம் மாவு வாங்குகிறவள். என்ன சொல்ல.

டெய்லரிடம் கொடுத்துத் தோளைத் தைத்து வாங்கினேன். முன்பு மாதிரி உட்காரவில்லை. இடது பக்கம் கொஞ்சம் தொங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் ஒன்றும் கவனிக்கவில்லை. அன்றைக்கு முழுக்கக் கண்ணாடிகளில் நான் அந்தத் தொங்குகிற தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது வருஷம் திரும்ப இன்னும் சில வாரம்தான். திதிக்கு அய்யரிடம் சொல்லியாகிவிட்டது. பெரியம்மா அதற்குள்ளேயே எம்.சி. ரோட்டுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். உனக்குப் புதுசு எடுத்து மஞ்சள் வைத்துக் கொடுக்க வேண்டும், அது என் கடமை என்கிறாள். எனக்கு வேண்டாம், ராயபுரத்திலேயே நல்லதாகக் கிடைக்கிறது என்றேன். காசு மிச்சம் பிடிக்கிறாயா என்றாள். ஆமாம் என்றேன். வேறு எவனாவது வாங்கிக் கொடுக்கிறானா என்றாள். இல்லை என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் புதுசு போடாதவரைக்கும் ஒருத்தி இந்த வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பாள் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் திட்டுவாள். அவளைப் போகவிடு என்பாள். செவ்வாய்க்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்குக் கிளம்பினேன். பின்னாலிருந்து, சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னாள்.